ஐந்தாம் மாத ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. எனக்கு இப்போது 35 வாரம் நடக்கிறது. வயிற்றில் இருக்கிற குழந்தையின் இதயத்தில் குறை இருக்கிறது என்பது 21-ஆம் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தது உங்களில் ஒருவர்தான். அடுத்த வாரம் பிரசவத்துக்காகச் சென்னை போகிறோம். போவதற்கு முன்னால் இதை உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. குழந்தை பிறந்த பிறகு எனக்கு எழுத நேரம் இருக்குமா, மனசு இருக்குமா என்று தெரியாது.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். என் குழந்தைக்கு இருப்பதை நீங்கள் டி.ஜி.ஏ. என்கிறீர்கள். இதயத்திலிருந்து கிளம்புகிற இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறிப் போயிருக்கின்றன. உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற மகாதமனி வலப்பக்க அறையிலும், நுரையீரலுக்குப் போகிற தமனி இடப்பக்க அறையிலும் முளைத்திருக்கின்றன. இதில் இதயத்தின் நான்கு அறைகளும் பார்ப்பதற்குச் சரியாகவே தெரியுமாம். அறைகளோடு பார்வையை நிறுத்திக்கொண்டால் "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடலாம். ஒன்றன் குறுக்கே ஒன்று போக வேண்டிய குழாய்கள் இரண்டும் தண்டவாளம் மாதிரி பக்கம் பக்கமாக ஓடுவதை அதற்கு மேலும் தேடிப் பார்க்கிறவருக்குத்தான் இது அகப்படும். என்னைப் பார்த்த மேடம் தேடிப் பார்த்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவசரப்படாமல் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு நான் உயிர் உள்ளவரை கடன்பட்டிருக்கிறேன்.

அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அன்றைக்கு ஜெல் தடவி ஆரம்பித்ததும் தலை, முதுகெலும்பு, வயிறு, கை, கால் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தார். நெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் மேடம் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தமும் நின்றது. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அப்புறம், எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு, இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு வரச் சொன்னார். குழந்தை தூங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு நான் சிரித்தபடியே வெளியே வந்து ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக் குடித்தேன். மறுபடி படுத்தபோது, திரை என் பக்கத்திலிருந்து திரும்பியிருந்தது.

"சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமா மேடம். மாமா பையன்."

"அதான்."

அவ்வளவுதான் சொன்னார். இதயத்தில் பிரச்சினை இருக்கிறது, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்று அதற்கு அப்புறம்தான் சொன்னார். இன்றைக்கும் என் காதில் முதலில் விழுவது அந்த "அதான்"தான்.

அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. என் கணவர் என் அம்மாவின் அண்ணன் மகன். அண்ணன் வீட்டுக்கே பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கொடுத்தவர் என் அம்மா. "நான்தான்டி உன் வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்று அன்று ராத்திரி அவர் அழுத அழுகையை, குழந்தைக்கு என்ன வந்திருக்கிறது என்றே இன்னும் புரியாத நான் உட்கார்ந்து தேற்ற வேண்டியிருந்தது. சொந்தத்தில் கல்யாணமா என்று நீங்கள் கேட்கத்தான் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. பின்னால் எக்கோ, அதாவது குழந்தையின் இதயத்துக்கென்றே உள்ள ஸ்கேன், பார்த்த டாக்டரும் கேட்டார். ஆனால் அவர் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னார். சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைகளுக்குப் பொதுவாக வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, ஆனால் உங்கள் குழந்தைக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. அந்த இரண்டு வாக்கியத்தை ஸ்கேன் அறையிலேயே கேட்டிருந்தால் என் அம்மா பத்து நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்க மாட்டார்.

காரணம் தேடுகிற வேலையை ஊரும் சேர்ந்தே செய்தது. கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் தூக்கிப் போட்டதா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். குழந்தையின் இதயம் கரு உண்டானதிலிருந்து எட்டு வாரத்துக்குள் வடிவம் எடுத்து முடித்துவிடுகிறது என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். நாள் தள்ளிப்போய், இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று இருந்து, கிட் வாங்கி இரண்டு கோடு பார்ப்பதற்குள் அந்த வேலை தொடங்கியே விட்டிருக்கிறது. நான் எதையும் செய்யவும் இல்லை, செய்யாமல் விடவும் இல்லை. இதைத் தாயிடம் முகத்தைப் பார்த்து யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால்தான் வீட்டிலும் எடுபடும்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் போனோம். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "24 வாரத்துக்குள்ள முடிக்கணும், ரெண்டு நாள்ல யோசிச்சுச் சொல்லுங்க, சின்ன வயசுதானே, அடுத்தது நல்லதா பெத்துக்கலாம்" என்றார். அவர் குரலில் கடுமையே இல்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் குழந்தைக்கு இருப்பது எந்த மாதிரிக் குறை, அதற்கு வைத்தியம் உண்டா, பிழைக்குமா என்பதில் ஒன்றுகூட அந்தப் பேச்சில் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாள் கெடு சரியானதும் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கருக்கலைப்புச் சட்டத்தை 2021-இல் திருத்தியபோது, கருவுக்குப் பெரிய குறைபாடு இருக்கிறது என்று அரசு அமைக்கும் மருத்துவக் குழு சொன்னால் 24 வாரம் தாண்டியும் இடம் உண்டு என்று ஆக்கியிருக்கிறார்கள். அதாவது, முறையான பரிசோதனை செய்து, விவரம் கேட்டு, வீட்டில் பேசி முடிவெடுக்கத் தாய்க்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

இதைச் சொல்வதால் கலைப்பது தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்கோ பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், என்னைவிடச் சின்னவள். அவள் குழந்தைக்கு இதயத்தின் இடப்பக்கமே வளரவில்லை. பிறந்தால் அடுத்தடுத்து மூன்று பெரிய ஆபரேஷன், அதற்குப் பிறகும் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார்களாம். அவள் வேறு முடிவு எடுத்தாள். போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அவள் முடிவு அவளுக்குச் சரி. எனக்கும் அவளுக்கும் வந்திருப்பது இரண்டு வேறு நோய். ஊரில் எங்கள் இருவருக்கும் சொல்லப்பட்டதோ ஒரே சொல்தான்: "இதயத்துல கோளாறு." இதய நோய் என்றால் அது ஒரே நோய் இல்லையே. தானாக மூடிக்கொள்கிற சின்ன ஓட்டையும் அதில்தான் சேர்கிறது, பாதி இதயமே இல்லாததும் அதில்தான் சேர்கிறது. ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டு ஒன்பது குழந்தைக்கு ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறது. இதில் என் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் நான் எதை முடிவு செய்வது?

எக்கோ என்று ஒன்று இருக்கிறது, வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம், அதற்கென்றே படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு ஒன்பதாவது நாள்தான் தெரிந்தது. அதுவும் சென்னையில் நர்ஸாக இருக்கிற என் சித்தி மகள் போனில் சொல்லித்தான் தெரியும். சித்தி மகள் நர்ஸாக இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்?

அந்த எக்கோ அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படுத்ததுமே அந்த டாக்டர், "முக்கால் மணி நேரம் ஆகும்மா. நடுவுல பேசமாட்டேன், பயப்படாதீங்க. எல்லாம் பாத்துட்டு உங்க வீட்டுக்காரரையும் உக்கார வெச்சுச் சொல்றேன்" என்றார். பேசாமல் இருக்கப்போகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்ட அந்த அமைதி எனக்குப் பயமாகவே இல்லை. முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். எந்த ஸ்கேன் சென்டரிலும் வாசலிலேயே பலகை இருக்கிறது, நாங்கள் கேட்கவும் மாட்டோம். ஆனால் இதயத்தைக் காட்ட எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே. சிவப்பும் நீலமுமாக ஓடியதைப் பார்த்தேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். எங்கள் ஊர் அரவை மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி விடாமல் ஓடியது. ஒன்பது நாள் "கோளாறு" என்று மட்டும் கேட்டிருந்த எனக்கு, அன்றைக்குத்தான் அது மறுபடியும் என் பிள்ளை ஆனது.

அப்புறம் அவர் ரிப்போர்ட் கவரின் பின்புறத்தில் சிவப்புப் பேனாவாலும் நீலப் பேனாவாலும் ஒரு படம் போட்டார். என் கணவர் அந்தக் கவரை இன்னும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வாசல் மண்ணில் குச்சியால் வரைந்து அவர் விளக்கியது இப்படி: "வயலுக்கு ஒரு பாசன வாய்க்கால் இருக்குல்ல, ஒரு வடிகால் இருக்குல்ல. நம்ம பிள்ளைக்கு ரெண்டும் மாறிப் போச்சு. வடிகால்ல போன தண்ணியே திரும்ப வயலுக்கு வருது. புதுத் தண்ணி அது பாட்டுக்கு இன்னொரு பக்கம் சுத்திட்டு இருக்குது." காவிரிப் பாசனத்திலேயே பிறந்து வளர்ந்த அத்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப உள்ள எப்படிடா உசுரோட இருக்கு?" என்று சரியான கேள்வியைக் கேட்டார்.

உள்ளே இருக்கிற வரை குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அது தன் நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. நஞ்சுக்கொடி வழியாக என் ரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதோடு, இரண்டு வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு சின்ன மடை இருக்கிறது. பிறக்காத எல்லாக் குழந்தைக்கும் அந்த மடை உண்டு. பிறந்து இரண்டொரு நாளில் அது தானாக அடைபட ஆரம்பிக்கும். மற்ற குழந்தைகளுக்கு அது அடைபடத்தான் வேண்டும். என் குழந்தைக்கு அடைபட்டால் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலக்க வழி குறைந்து, உடம்பு நீலம் பாய்ந்துவிடும். அந்த மடையைத் திறந்தே வைத்திருக்க, ரத்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது, ப்ரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். தேவைப்பட்டால் இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே பலூன் விட்டுத் துவாரத்தைப் பெரிதாக்குவார்கள். அதற்குப் பிறகு முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன். இரண்டு குழாயையும் வெட்டி, இடம் மாற்றி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற மெல்லிய நாளங்களையும் பெயர்த்துப் புது இடத்தில் தைப்பார்கள். தள்ளிப்போடவும் முடியாது, நுரையீரலுக்கு மட்டும் லேசாகத் தள்ளிப் பழகிவிட்டால் இடது அறை பலம் குறைந்து, பிறகு உடம்பு முழுதுக்கும் தள்ளத் திணறும். பிரேசிலில் அடிப் ஜடேனே என்ற மருத்துவர் 1975-இல் வெற்றிகரமாகச் செய்து காட்டிய ஆபரேஷன் இது. இன்றைக்கு நல்ல மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்து, பள்ளிக்கூடம் போய், ஓடி விளையாடுகிறார்கள். இது சென்னையிலேயே நடக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஸ்கேனில் தெரியாமல் போயிருந்தால் இந்தக் குழந்தை எங்கள் ஊர்ப் பக்கமே பிறந்திருக்கும். அழுதிருக்கும், எடை சரியாக இருந்திருக்கும், சர்க்கரைத் தண்ணி வைக்கலாமா என்று வீட்டில் விவாதம் நடந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் உதடும் நகமும் நீலமாகியிருக்கும். ஆக்சிஜன் வைத்தும் ஏறாது. 108-ஐக் கூப்பிட்டுத் தஞ்சாவூர், அங்கிருந்து சென்னை என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், மடை அடைபடுகிற வேகத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். இப்போது அதே தூரத்தை நான் ரயிலில் உட்கார்ந்து போகப் போகிறேன், குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு. பிரசவ அறைக்கும் குழந்தைகள் இதயப் பிரிவுக்கும் ஒரே கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. மருந்து ஃப்ரிட்ஜில் தயாராக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதயக் குறை இருந்தால் சிசேரியன்தான் என்று ஊரில் பயமுறுத்தினார்கள். இதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, சுகப்பிரசவத்துக்கே பார்க்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னார். மேடம் அன்றைக்குப் பொறுமையாகப் பார்த்ததால் எங்களுக்குக் கிடைத்தது இந்த நாலு மாதம். நீங்கள் கண்டுபிடிக்கிறபோது கையில் கொடுப்பது கெட்ட செய்தி மட்டும் இல்லை, இந்த நாட்களையும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, நீங்கள் சொல்லாததால்.

நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியே இருக்கிற கூட்டத்தை நானும் பார்த்தேன். இதயத்தை நன்றாகப் பார்க்க நேரம் ஆகும் என்று முதலில் ஒரு வார்த்தை. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, உறுதியாகச் சொல்ல எக்கோ பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை. இது உன்னால் வந்தது இல்லை என்று ஒரு வார்த்தை. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எக்கோ பார்க்கிற இடத்தின் பெயரும் போன் நம்பரும். இரண்டு நிமிஷம் ஆகுமா?

பிரசவம் பார்க்கிற மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஸ்கேனில் தப்பிப் போகிற குழந்தைகள் இருக்கத்தான் செய்யும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதையே பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கு வலது கையிலும் ஒரு காலிலும் மாட்டிப் பார்த்தால், 95-க்குக் கீழே நின்றால், மறுபடியும் பார்த்துவிட்டு எக்கோவுக்கு அனுப்பலாம். அமெரிக்காவில் 2011-இலேயே இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சுகாதாரத் துறை அதிகாரிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அது இல்லையென்றால் நாங்கள் இந்த முடிவை எடுத்திருக்கவே முடியாது. எங்கள் ஊர் நர்ஸ் அக்கா வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறார். என் பிரஷர், ஹீமோகுளோபின் எல்லாம் அட்டையில் அதனதன் கட்டத்தில் எழுதுவார். குழந்தையின் இதயத்தைப் பற்றி எங்கே எழுதுவது என்று தேடிப் பார்த்துவிட்டு, மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். அந்த ஓரத்து எழுத்தை உள்ளே ஒரு கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் கேரளத்தில் 2017-இலிருந்து ஹிருதயம் என்ற திட்டம் நடக்கிறது. இதய நோய் உள்ள குழந்தையின் விவரத்தை இணையத்தில் பதிந்தால், எவ்வளவு அவசரம் என்று பார்த்து எந்த மருத்துவமனை என்பதை அரசே ஏற்பாடு செய்கிறது. காப்பீடு நம்மிடம் இருக்கிறது, ஆபரேஷன் செய்கிற கைகளும் இருக்கின்றன. ஸ்கேன் அறையிலிருந்து அந்தக் கைகளுக்குப் போகிற வழியைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை உதைத்தால்தான் அப்புறம் தூக்கம் வருகிறது. இந்த நிலைமையில் வளைகாப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிலர் கேட்டார்கள். அத்தைதான் முன்னால் நின்று நடத்தினார். வளையல் இன்னும் கையில் கிடக்கிறது. சென்னையில் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் கீழ்வீட்டில் ஓர் அறை பார்த்திருக்கிறோம். என் அம்மாவும் கூட வருகிறார். பையில் துணியோடு, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அவர் மடித்து வைத்திருக்கிறார், குழந்தையைச் சுற்றுவதற்கு. பிறந்ததும் குழந்தையை நேராக ஐ.சி.யு.வுக்குத்தான் கொண்டுபோவார்கள், உடனே கையில் தர மாட்டார்கள் என்று சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் இருக்கட்டும் என்கிறார்.

அந்தக் கவரின் பின்புறத்துப் படத்தை நகல் எடுத்து, என்னைப் பார்த்த மேடத்துக்கு இந்த மடலோடு அனுப்புகிறேன். கீழே அந்த எக்கோ டாக்டரின் போன் நம்பரை அவர் அனுமதியோடு எழுதியிருக்கிறேன். நம்பருக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அடுத்து வருகிற பெண்ணின் பெயரை மேடம் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதற்காக.

இப்படிக்கு,
35 வாரக் கர்ப்பிணி ஒருத்தி,
பட்டுக்கோட்டை வட்டம்